பல்லண்ணன் கட்டிய முன்பல்

பல்லண்ணன் பிறந்தது 1963 ஜூன் 4. செயற்கைப் பல் செய்யும் வேலையில் சேர்ந்தது 1981. திருமணம் 1990. பேருந்து நிலையத்தின் பின்தெருவில் சொந்தப் பட்டறை வைத்தது 1994. குடும்பம்: மனைவி, வெளியூரில் வேலை பார்க்கும் மகள். 2019 ஆகஸ்டிலிருந்து மாடியறையில் மனைவியின் தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும்.

அவருடைய பார்வை எந்த மனிதரின் முகத்திலும் மூக்குக்கு மேலே ஏறியதாகத் தெரியவில்லை. பழகியவரின் பெயரை மறந்துவிடுவார். கடைவாய்ப் பல்லை மறக்கமாட்டார். கொழுந்தியாளுக்கு வரன் வந்தபோது வீட்டார் அபிப்பிராயம் கேட்டார்கள். "சிரிச்சுப் பார்த்தேன், சிரிச்சான். முப்பத்திரண்டும் முத்து. தாராளமாக் கொடுக்கலாம்" என்றார். அந்தச் சான்றிதழை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

சகலையைப் பற்றிப் பிற்காலத்தில் கேட்டால், "நல்ல மனுஷன்தான், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்" என்பார். ஆறு மணிக்கு மேல் அந்த மனிதர் மதுக்கடையில் இருப்பார். அதற்கும் மேல் வீட்டில் இருப்பார். 2015இல் ஒருமுறை, கொழுந்தியாளை அடித்த வழக்கு நீதிமன்றம்வரை போனது. "குடிபோதையில் நிதானமில்லாமல் செய்துவிட்டேன்" என்றார். அதைக் கேட்டு மனமிரங்கிய நீதிமன்றம் அபராதத்தோடு விட்டது. அபராதத்தைக் கட்டியது அவள் சம்பளம்.

2019 தொடக்கத்தில் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டாரை அடித்து எலும்போ பல்லோ போனால் சிறை; அபராதத்தோடு தப்ப வழியில்லை. குடித்திருந்ததாகச் சொன்னால் தண்டனை குறையாது, கூடும். மதுக்கடைகள் இரவு எட்டு மணிக்கே மூடவேண்டும். இந்தத் திருத்தம் கேட்டு ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியபோது பல்லண்ணனும் போட்டிருந்தார். மனைவி விடவில்லை.

"கடையைச் சீக்கிரம் மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்களாமே? உங்க முன்பல் ஆர்டர்ல பாதி அந்தக் கடை புண்ணியத்துல வர்றதுதானே?"

"போகட்டும்டி. வயசானவங்களுக்குப் பல்லு விழாமலா போயிடும்? அது போதும் நமக்கு."

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கொழுந்தியாள் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளோடு வந்து நின்றாள். மேல்வரிசை முன்பல் ஒன்று இல்லை. அரசு மருத்துவமனையில் துண்டை எடுக்கச் சொன்னபோது வெட்கப்பட்டு உதட்டை மட்டும் காட்டியிருந்தாள். அங்கே எழுதியது, "உதட்டில் வெட்டு, மூன்று தையல்." பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று நாளெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்பவள். இப்போது வாயைத் திறந்தால் சொல்லுக்கு முன்னே காற்று வந்தது.

"அத்தான், நான் பேசினா பஸ் டயர்ல காத்து இறங்குற மாதிரி இருக்கு. ஜனங்க ஏற மாட்டாங்க."

"உங்க அக்கா பேசினாலே அப்படித்தான் இருக்கும். அதுக்காக நான் ஓடியா போயிட்டேன்?" என்றார். அவள் சிரித்தாள்; உடனே கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

முறைப்படி பல் மருத்துவர் பார்த்து, குறிப்பெழுதி, அதன்பின்தான் பட்டறைக்கு வேலை வரவேண்டும். பல்லண்ணன் அந்த வரிசையைத் தாண்டினார். புண் ஆறியதும் சமையலறை நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தாமே அச்செடுத்தார். நல்ல வெள்ளைப் பல்லைத் தள்ளிவைத்து, பக்கத்துப் பல்லோடு சேரும் மங்கலான நிறத்தைத் தேர்ந்தார். இழந்த பல் சிறுவயது முதலே சற்றுச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வையும் வைத்தார். மெல்லிய தகட்டில் பொருத்தி, அண்ணத்தில் ஒட்டி நிற்கும்படி செய்து கொடுத்தார். வேலை முடிந்ததும் வழக்கம்போல பிளாஸ்டர் அச்சை உடைத்துக் குப்பையில் போட்டார்.

சகலைமேல் போட்ட வழக்கு செப்டம்பர் 23 அன்று விசாரணைக்கு வந்தது. பல் போனது உறுதியானால் சிறை. இல்லையென்றால் உதட்டுக் காயத்துக்கு அபராதம். சகலை அன்று மாலையே வீடு திரும்பலாம், பிள்ளைகளையும் கேட்கலாம். அவள் கூண்டில் நின்று தெளிவாக, ஒரு சொல்கூடச் சிதறாமல், நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். "பல்லு போச்சுன்னு சொல்றாங்க. நானும் அரைமணி நேரமாப் பார்க்கிறேன், ஐயா. எல்லாம் வரிசையாத்தான் இருக்கு. மருத்துவமனைக் குறிப்புலயும் இல்லை."

நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எந்தப் பல்லும்மா?"

பின்வரிசையில் இருந்த பல்லண்ணன் முகம் ஒரு கணம் மலர்ந்துவிட்டது. மனைவி விலாவில் இடித்தாள். "பல்லை இளிக்காதீங்க. உங்க கைவேலையே நம்மளைக் கவுத்துடும் போலிருக்கு." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மருத்துவர் குறிப்பு இல்லை, அச்சும் இல்லை. முகம் பிளாஸ்டர் நிறத்துக்கு வந்தது.

கூண்டில் நின்றவளுக்கு எதிரே கணவர், சுற்றிலும் அந்நியர்கள். பல் இல்லாத வாயைத் தன் பிள்ளைகளுக்கே காட்டாதவள். கை தானாக உதட்டுக்குப் போனது.

பல்லண்ணன் எழுந்துவிட்டார். "கழட்டிடும்மா. அத்தான் வேற செஞ்சு தரேன்."

"உட்காருங்க ஐயா! இதென்ன உங்க வீடா?" என்று அதட்டினார் நீதிமன்ற ஊழியர்.

அவள் குனிந்து, தகட்டை விரலால் நெம்பி எடுத்து, கூண்டின் கைப்பிடிமேல் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள், கையால் மூடிக்கொள்ளவில்லை. "இதுங்க, ஐயா" என்றாள். காற்றோடுதான் வந்தது.

நீதிபதி தகட்டைப் பார்த்தார். "யார் செஞ்சது?"

"நான்தாங்க."

"தெரியவே இல்லையே!"

"ரொம்ப நன்றிங்க" என்ற பல்லண்ணன், மனைவியின் முழங்கையை நினைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்றும் சேர்த்தார். நீதிமன்றத்தில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

"அது பழைய ஓட்டையாக இருக்கலாம்" என்றார் வழக்கறிஞர். நீதிபதி அவளை அரசுப் பல் மருத்துவரிடம் அனுப்பினார். எக்ஸ்ரேயோடு மாலையில் அறிக்கை வந்தது: பல் போய் இரண்டு மாதத்துக்கு மேல் இராது, அடியால் வேரோடு பெயர்ந்தது.

சகலை 2015இல் சொன்னதையே மறுபடி சொன்னார்: குடித்திருந்தேன், நினைவில்லை.

"முன்னாடி அது சலுகை. இப்போ அது குற்றத்தோட சேர்த்தி" என்றார் நீதிபதி. குறிப்பேதும் பார்க்காமல் தண்டனையை எழுதச் சொன்னார்.

சிறை: இரண்டு ஆண்டு, ஆறு மாதம்.