மேனேஜருக்குக் கேட்காத சத்தம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் அந்த அறைக்குள் இருந்தேன். எனக்கு அது போதும்.

நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அலுவலக வேலை பார்க்கிறேன். அங்கே மூட்டை தூக்கிய ஒருவரை எல்லோரும் நெட்டை என்போம். போன மாதம் ஒரு ராத்திரி அவர் உறைபனி அறைக்குள் மாட்டிக்கொண்டார். கதவின் பூட்டுக்குள் பனி இறுகி, உள்ளிருந்து திறக்க முடியவில்லை. காலையில் பார்த்தபோது உயிர் இல்லை.

அதற்கு ஒரு விசாரணைக் கூட்டம். யார் மேலும் பழி போடாத கூட்டமாம். செத்தவர் மேல் போட்டால் அது கணக்கில் வராது போலிருக்கிறது. மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, நான் என மூன்று பேர். பாதுகாப்பு அதிகாரி பாதுகாப்பதெல்லாம் மேனேஜரின் நாற்காலியைத்தான். அன்று காவலுக்கு இருந்த வாட்ச்மேன் சாட்சி சொல்ல வந்து, கதவுக்கு வெளியே ஸ்டூலில் காத்திருந்தார். அவரைக் கூப்பிடவே இல்லை.

பேச்சையெல்லாம் என் லேப்டாப்பில் ஏஐ குறிப்பெடுத்தது. அது எழுதுவதுதான் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கையாகப் போகும். நெட்டையின் தப்பு என்று போய்விட்டால், அவர் மனைவிக்கு வர வேண்டியது எதுவும் வராது.

மணி 11.20. மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"உள்ளேருந்து தட்டின சத்தம் யாருக்கும் கேக்கல."

திரையில் அந்த வரி வந்தது. அதன் கீழே இன்னொரு வரி.

(தட்டும் சத்தம்)

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை...

"ஏசி சத்தமா இருக்கும். அழிச்சிடு" என்றார் மேனேஜர். அழித்தேன்.

"சொல்லாம உள்ள போனது அவர் தப்பு" என்று தொடர்ந்தார்.

(தட்டும் சத்தம், பலமாக)

"கேக்காததை எல்லாம் எழுதுது. இதுக்கு ஒரு சந்தா வேற" என்று பாதுகாப்பு அதிகாரி இளித்தார். இளித்த வாயிலிருந்து புகை வந்தது.

அறை அவ்வளவு குளிர்ந்திருந்தது.

(தட்டும் சத்தம், மெதுவாக)

(நின்றுவிட்டது)

மேனேஜர் எழுந்தார். கதவை இழுத்தார்.

திறக்கவில்லை.

தட்டினார். பிறகு இடித்தார்... நாங்களும் இடித்தோம். கத்தினோம். வெளியிலிருந்து யாரும் வரவில்லை.

விரல்கள் மரத்துப் போயின.

மேனேஜர் அழுதார்.

"வாட்ச்மேன் ஃபோன் பண்ணான்... உள்ள யாரோ தட்டுறாங்கன்னான். சாவி என்கிட்டதான் இருந்துச்சு. எலியா இருக்கும், போய்ப் படுன்னு சொன்னேன்..."

க்ளிக்.

கதவு தானாகத் திறந்தது.

வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், வாட்ச்மேன் அதே ஸ்டூலில் இருந்தார்.

"நாங்க தட்டினது கேக்கலையா?" என்றேன்.

"இல்லையே. அன்னைக்குத்தான் கேட்டுச்சு."

திரும்பிப் போய்த் திரையைப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் இடித்த நேரத்துக்கு எதிரே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. 'அமைதி.' அதன் கீழே மேனேஜர் அழுதபடி சொன்னது, ஒரு எழுத்து குறையாமல்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்தார். அந்த ஆளுக்கு வெட்கம் என்பது கால்வாசிகூடக் கிடையாது.

"கடைசியா பேசினதை மட்டும் எடுத்துடு."

எடுக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மாலையில் ஃபிட்டர் வந்து கூட்டம் நடந்த அறைக் கதவின் பூட்டைக் கழற்றினார். ஒரு நிமிடம் உள்ளே பார்த்தார். அதை என் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

பனிக்கட்டி.