மழைக்கு முன்னால் வந்த தமிழ்

இன்று காலை கல்முனையில் சம்மாந்துறை பஸ் ஏறினேன். காரைதீவு தாண்டும்போது போனில் அரசாங்கத்தின் வெள்ள எச்சரிக்கை வந்தது.

வழக்கமாக அது சிங்களத்தில் வரும். தமிழ் வந்து சேரும்போது முற்றத்தில் தண்ணீர் நிற்கும். இன்று முதலில் வந்ததே தமிழில்! சந்தோஷத்தில் சத்தமாகவே வாசித்துவிட்டேன்: நாளை விடியற்காலையிலிருந்து கடும் மழை, தாழ்வான வயல்கள் கவனம்.

முன் சீட்டிலிருந்த மாவடிப்பள்ளிக் காக்கா ஒருவர் திரும்பினார். இங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்போம்.

"தங்கச்சி, இன்னொருக்கா வாசிங்க. இண்டைக்கா, நாளைக்கா?"

"நாளைக்கு விடியத்தான் காக்கா."

"அப்ப இண்டைக்குப் பகல் முழுக்க இரிக்கி."

அவர் தன் வயலுக்கு நெல் வெட்டும் மெஷினை நாளைக்குத்தான் சொல்லிவைத்திருந்தாராம். "போன போகம் முழு வேளாண்மையும் தண்ணியோட போயிட்டு. மழை இப்ப காலம் பார்த்து வாறல்ல."

உடனே மெஷின்காரருக்குக் கோல் எடுத்தார். அவர் இன்றைக்கு ஏலாது என்றிருக்க வேண்டும். காக்கா போனை என்னிடம் நீட்டினார். "நீங்களே வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். மறுமுனையில் மெஷின்காரர் சொன்னார்: "ஓம், பகல் ளுஹர் தொழுதிட்டு வாறன்."

மாலையில் திரும்பி வரும்போது மாவடிப்பள்ளியில் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் கட்டிவைத்த நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற காக்கா, என்னைக் கண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நானும் பஸ் என்று பாராமல் கை காட்டினேன்.

நாளைக்கு மழை வராவிட்டால் அந்த மெஷின்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கமல்ல, நான்தான். உங்களுக்கும் தமிழில்தானே வந்தது?