முத்து பாடவேண்டிய சாயங்காலம்

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் காலை 6.10க்கு வண்டி ஏறும்போதே எனக்குக் கோபம் தொடங்கிவிட்டது. சட்டைப் பையில் இருந்த அழைப்பிதழ்தான் காரணம். ரோஸ் நிறத் தாள். மேலே தலைமை தாங்குபவர், அதற்குக் கீழே முன்னிலை வகிப்பவர், பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, பாராட்டுரை என்று ஒன்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பட்டமும் பதவியும். எல்லாவற்றுக்கும் அடியில், அச்சகத்தின் பெயருக்கு ஒரு விரல் மேலே, பொடி எழுத்தில் இருந்தது: 'இறுதியில் திரு. முத்துவின் சொந்தப் பாடல்கள்.' அன்றைய கூட்டமே முத்துவுக்காகத்தான் என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரும் சொல்ல முடியாது.

கூட்டம் நடத்தியது கொச்சியில் உள்ள ஒரு தமிழ் அமைப்பு. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்துவிடுவார்கள். ஆண்டு எண்பத்து நான்கு, மாதம் மார்ச், கிழமை வெள்ளி. நான் தபலாக்காரன். முத்துவுக்கு வாசிக்கத்தான் போனேன்.

முத்துவை மூன்று வருடம் முன்பு பாலக்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் முதல் நாள் சாயங்காலம் பாட்டுக்காரரை உட்காரவைத்து, வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். சீட்டில் என்ன இருக்கிறதோ அதைப் பாட வேண்டும். அன்று சீட்டெல்லாம் தீர்ந்து எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, காலிப் பந்தலில் தன் பாட்டு ஒன்றைப் பாடினார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, சேர்ந்து வாசித்தேன். அவர் பாட்டை வேறு யாரும் கேட்கவில்லை.

காலை 11.45. எர்ணாகுளம். வண்டி அரை மணி தாமதம். வெயில் உடம்பில் ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. படகுத் துறைக்கு நடந்தேன். மட்டாஞ்சேரிக்கு டிக்கெட் ஐம்பது காசு. தபலாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த சுக்கு வியாபாரி பையைத் தட்டிப் பார்த்தார்.

"தபலா அல்லே? எங்கே கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை. கச்சேரி."

"ஆராணு பாடுறது?"

"முத்து. தண்ணி திறந்துவிடுற முத்து."

"ஓ, நம்ம முத்துவா! சினிமாப் பாட்டு நல்லாப் பாடுவான்" என்றார் அவர் சந்தோஷமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தமாகப் பதினோரு பாட்டு வைத்திருக்கிறான் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் சுக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார்.

பகல் 12.40. துறையில் இறங்கியதுமே மிளகும் சுக்கும் மூக்கில் ஏறின. பஜார் ரோட்டில் கைவண்டிகள் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நின்றன. முத்துவின் வீடு உள்ளே மூன்று சந்து தள்ளி, ஒரு சரக்குக் கிட்டங்கியின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். முத்து பிறந்தது, படித்தது எல்லாம் மட்டாஞ்சேரியில்தான்.

"யாத்திரை எப்பிடி அண்ணே? முதல்ல ஊணு, பின்ன பேச்சு" என்று பையை வாங்கிக்கொண்டார். கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் போட்டபடி அவர் மனைவி செல்வி என்னிடம் முறையிட்டார்.

"நீங்களாவது பறயுங்க அண்ணா. ரெண்டு நாளா மனுஷன் உறங்கல. பாயில கெடந்து விரலை வெச்சு நெஞ்சுமேல தாளம் போடுறாரு."

"அது பயம் இல்ல அண்ணே" என்றார் முத்து. "இன்னிக்கு பிராட்வேல இருந்து கேசட் கடைச் சேட்டன் வர்றாரு."

அப்போதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. எர்ணாகுளம் பிராட்வேயில் கேசட் கடை வைத்திருக்கும் ஒருவர், எல்லோரும் சேட்டன் என்றே அழைப்பவர், சிறிய அளவில் தானே கேசட்டும் போடுகிறார். ஆறு மாதமாக முத்து அவர் கடைக்கு நடந்திருக்கிறார். கடைசியில் அவர், "ஆள்கூட்டத்துல நீ பாடி நான் கேக்கணும். பிடிச்சா போடலாம்" என்று சொல்லியிருக்கிறார். எட்டரைக்குக் கடை பூட்ட வேண்டும், அதனால் 7.20 படகில் திரும்பிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். ஐந்தரைக்குக் கூட்டம் தொடங்கினால் ஆறரைக்காவது பாட்டு வந்துவிடும் என்பது முத்துவின் நம்பிக்கை.

"அடுத்த மாசம் கலூர்ல ஒரு கல்யாண வீடு இருக்கு, பின்ன ஆலப்புழைல கோயில் உத்சவம். ரெண்டும் சினிமாப் பாட்டுதான். என் பாட்டுக்கு இது ஒண்ணுதான் அண்ணே" என்றார்.

பகல் 2.30. தோளில் நீண்ட இரும்புச் சாவியோடு முத்து தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். தெருவில் ஒரு குழி மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, உடம்பை முறுக்கித் திருப்பினார். முதலில் தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வந்தது. தெருக் குழாய் நீளமாக ஊளையிட்டது. அந்த ஊளையிலேயே சுருதியைப் பிடித்து முத்து முனகினார். தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் குடம் நிறைய நிறையச் சத்தம் மேலே ஏறிக்கொண்டே போவதைக் காட்டினார்.

"கேளுங்க, கேளுங்க. சில்வர் குடம் கடைசியில சட்டுனு ஏறும். செம்புக் குடம் நிதானமா ஏறும். இந்தப் பிளாஸ்டிக் குடம் வந்துச்சு பாருங்க, நாசம். சுருதியே கெடையாது."

அவருடைய பதினோரு பாட்டில் ஏழு அந்தக் குழாயடியில் பிறந்தவை. ஆள் இல்லாமல் வரிசையில் நிற்கும் குடத்தைப் பார்த்து, 'உன் ஆளு எங்கே போனா, சாயாவுக்கா, சண்டைக்கா?' என்று கேட்கும் ஒரு பாட்டு இருக்கிறது. அதை அங்கேயே மெதுவாகப் பாடிக் காட்டினார். கேட்டுக்கொண்டு நின்ற ஒரு அம்மாள், "பாட்டு மதி, போதும் முத்து, தண்ணியை இன்னும் கொஞ்சம் திற" என்றார். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று ராகம், பரம்பரை என்றெல்லாம் அளக்கும் பெரிய வித்வான்களை நான் பார்த்திருக்கிறேன். இப்படிக் குழியைத் திறந்து காட்டிய ஆளைப் பார்த்ததில்லை.

மாலை 5.30. கூடம் காலி. அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு வந்தவர்கள் முத்து, செல்வி, நான், கேசட் கடைச் சேட்டன், நான்கு பேர்தான். சேட்டன் கட்டம் போட்ட சட்டையும் வெள்ளை வேட்டியுமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடையில் பத்து நாற்காலி. ஆர்மோனியத்தை யாரோ ஓரமாக, திரைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருந்தார்கள். நான் அதை நடுவுக்கு இழுத்தேன். செயலாளர் ஓடி வந்து, "சார், அது தலைவர் கால் வைக்கிற இடம்" என்று திரும்பத் தள்ளினார். அந்தக் காலை எடுத்து வேறெங்காவது வைக்கச் சொல்லுங்கள் என்று கத்த இருந்தேன், முத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாலை 6.05. தலைவர் வந்தார், அவர் பின்னாலேயே கூடமும் நிறைந்தது. வரவேற்றவர் மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரவேற்றார். வரவேற்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்தினார். புகைப்படக்காரர் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கத் தவறினால் ஆடையை எடுத்து மறுபடி போர்த்தினார்கள்! தலைவர் கொச்சியில் தான் கடை வைத்த கதையைச் சொன்னார். முன்னிலை வகித்தவர் தலைவரின் கடையைப் பாராட்டினார். வாழ்த்த வந்தவர் தமிழ் இசை என்று தொடங்கித் தன் மகளின் கல்லூரிப் படிப்பில் வந்து முடித்தார். முத்து ஓரத்தில், கழுத்தில் இரண்டு துண்டோடு, ஆர்மோனியத்தின் துருத்தியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒருவர்கூட அவருடைய பாட்டில் ஒரு வரி சொல்லவில்லை. சொல்ல முடியாது, கேட்டிருந்தால்தானே? கூட்டம் போட்டுப் பேசுவதற்கு இந்த மனிதர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். அன்றைக்குக் கிடைத்த சாக்கு முத்து.

மாலை 6.55. செயலாளர் ஒலிபெருக்கியில், "கோவையிலிருந்து வந்திருக்கும் தபலா கலைஞர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார். எனக்கும் ஒரு துண்டு விழுந்தது. இதற்குத்தானே காத்திருந்தேன். எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டுக்காரனைக் கூப்பிட்டுவிட்டுப் பாடவிடாமல் பேசிக் கொல்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று ஆரம்பித்தேன். தலைவர் முகம் கறுத்தது. கடைசி வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் என் தலைக்கேறியது. நம் ஊர்க் கூட்டங்களில் நாற்காலிக்கு இருக்கும் மரியாதை வாத்தியத்துக்கு இல்லை என்றேன், மறுபடி கைதட்டல். பாலக்காட்டுக் கல்யாண வீட்டைச் சொன்னேன். துண்டுச் சீட்டைச் சொன்னேன். குழாயின் ஊளையைச் சொன்னேன், குடம் நிறையும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினேன். கூடம் சிரித்தது. பிளாஸ்டிக் குடத்துக்கு இன்னும் பெரிய சிரிப்பு. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை. கால் தரையில் பாவவில்லை. "ஆகவே, பேச்சை நிறுத்துங்கள், பாட்டைக் கேளுங்கள்!" என்று முடித்துவிட்டு, கைதட்டலுக்கு நடுவில் தபலாவின் முன்னால் உட்கார்ந்தேன்.

மூன்றாவது வரிசையில் சேட்டனின் நாற்காலி காலியாக இருந்தது.

முத்து அந்தக் காலி நாற்காலியை ஒரு தரம் பார்த்தார். துருத்தியை அழுத்தி, குடத்துப் பாட்டைத் தொடங்கினார். நான் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று நினைவில்லை. எட்டு மணிக்கு அவர் அடுத்த தெருவுக்குத் தண்ணீர் திறக்கப் போக வேண்டும், அதனால் நாலு பாட்டோடு நிறுத்திக்கொண்டார். நாலாவது பாட்டின்போது முன்வரிசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. சினிமாப் பாட்டு. முத்து அதைப் படித்து, மடித்து, ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

கூட்டம் முடிந்ததும் நான் செயலாளரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மனிதனின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்களே என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று குறித்து வைப்பது அவர் வழக்கமாம்.

"தலைவர் பதினொண்ணு. முன்னிலை ஒம்பது. வாழ்த்துரை ஏழு. நீங்க பதினெட்டு நிமிஷம் சார். கேசட் கடைச் சேட்டன் எந்திரிச்சப்போ நீங்கதான் பேசிட்டிருந்தீங்க. நான் கையைக் காட்டினேன், நீங்க பாக்கல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறரைக்கே ஐயோ ஐயோ என்று அடித்துக்கொண்டவன் நான். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எழுந்தவனும் நான்தான். இரண்டே வார்த்தை சொல்லி உட்கார்ந்திருந்தால் சேட்டன் மூன்று பாட்டாவது கேட்டிருப்பார்.

சனிக்கிழமை, காலை 9.00. படகுத் துறை வரை முத்து கூட வந்தார். வழி முழுக்க மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன், வரவில்லை. முந்தின நாள் அவ்வளவு வந்தது. படகு மணி அடித்த பிறகு அவரே பேசினார்.

"அண்ணே, நல்லாப் பேசினீங்க. குடத்துச் சத்தம் அப்பிடியே வந்துச்சு."

"முத்து, என்னைத் திட்டுடா."

"திட்டுனா நேத்துப் போன படகு திரும்பி வருமா? சாரமில்ல அண்ணே." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பரவாயில்லை என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்குச் செருப்படியாக விழுந்தது.

காலை 10.10. எர்ணாகுளத்தில் இறங்கி ஸ்டேஷனுக்குப் போகாமல் பிராட்வேக்குப் போனேன். பாத்திரக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே சேட்டனின் கடை. என்னைப் பார்த்ததுமே எழுந்து நின்று கை கொடுத்தார்.

"சார், நேத்து நீங்க பேசினது கொள்ளாம், நல்லா இருந்துச்சு, கேட்டோ. படகு போயிரும்னு பாதியில எறங்க வேண்டி வந்துச்சு. நிக்க மனசு இருந்துச்சு."

"பேச்சை விடுங்க சேட்டா. முத்து பாட்டு."

"அவன் பாட்டு நான் கேக்கலையே. கேக்காம எப்படிப் போடுறது?" என்றவர், மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சார், பிரசங்கக் கேசட் வாங்க இப்போ நல்ல ஆள் உண்டு. இதேபோல ஒரு மணிக்கூறு பேச முடியுமா? நான் போடுறேன்."

கோவையில் நூறு கூட்டங்களில் இப்படிப் பேச்சு முடியக் காத்து, தபலாவின்மேல் விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊர்த் தலைவர்களும் மட்டாஞ்சேரித் தலைவர்களும் ஒரே அச்சு. நான் வேறு அச்சு என்று ஒரு நினைப்பு இருந்தது. அது பிராட்வேயில், கேசட் கடை மேஜையின் முன்னால் போயிற்று.

சேட்டன் என் விலாசத்தை எழுதச் சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார். முத்துவின் வீட்டு விலாசத்தை எழுதினேன். அதன் கீழே கலூர்க் கல்யாண வீட்டின் தேதியை எழுதினேன். பந்தி நேரத்தில் காலிப் பந்தலில் முத்து தன் பாட்டைப் பாடுவார், நானும் வந்து தபலா வாசிப்பேன், அன்றைக்கு வாயைத் திறக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சேட்டன் படித்தார்.

"வர முடியுமான்னு பாக்கலாம்" என்றார்.

வாயை இப்போதே மூடிக்கொண்டு, தபலாப் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.