வருகைப் பதிவில் இருபத்தேழு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது ராத்திரி நடந்ததல்ல. பட்டப்பகலில், வெள்ளிக்கிழமை மூன்று மணி இருபத்தாறு நிமிடத்துக்கு, முப்பத்தெட்டு பேர் உட்கார்ந்திருந்த வகுப்பறையில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவர் சொன்னாரோ, அவர் எங்கள் வகுப்பில் படித்ததில்லை.

எங்கள் வகுப்பாசிரியை கணக்கு மிஸ். வருகைப் பதிவு எடுக்கும்போது தலை நிமிரவே மாட்டார். எண்ணைச் சொல்வார். "உள்ளேன் மிஸ்" என்று குரல் வந்தால் நீலப் பேனாவில் ஒரு கோடு, வராவிட்டால் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். காதுதான் அவருக்குக் கண்.

இருபத்தேழு, கீச்சு. குரல் அப்படி, அதனால் பெயரும் அப்படி. இருபத்தெட்டு, நான். வகுப்பு லீடரும் நான்தான். எண் வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். என் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

பதினொன்றாம் வகுப்பில் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. "இருபத்தேழு" என்றதும் யாராவது இரும வேண்டும். அவள் குரல் அமுங்கிப் போகும். சிவப்பு வட்டம். முதல் இருமல் யாருடையது என்கிறீர்களா? என்னுடையதுதான். ஒரு வாரம் சிரித்தோம், அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் ஒருமுறை எழுந்து போய் முறையிட்டாள்.

"வாயைத் திறந்து சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்றார் மிஸ். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் அறுபத்து நாலு சிவப்பு வட்டங்கள். வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றுவிட்டார்கள். அவள் அழுததில் தலைமையாசிரியர் கொஞ்சம் இளகி, என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"நீதானே பக்கத்துல உட்கார்ற? இந்தப் பொண்ணு தினமும் வந்துச்சா?"

உண்மையைச் சொன்னால் இருமல் விஷயம் வெளியே வரும். என் லீடர் பேட்ஜ் போகும். கீச்சு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா கவனிக்கலை சார்" என்றேன்.

அன்றோடு அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த வருடப் பதிவேட்டிலும் அவள் வரியைச் சிவப்பில் அடித்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க மிஸ் இருபத்தாறுக்கு அடுத்து இருபத்தெட்டு என்றே கூப்பிட்டார். நாங்களும் மறந்துவிட்டோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே மறந்துவிட்டோம்.

கடைசி நாள் வந்தது. எங்கள் பள்ளியில் அன்று பிற்பகல் இன்னொரு முறை வருகைப் பதிவு எடுப்பார்கள். எழுந்து "உள்ளேன்" சொல்லி, மறக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஆளாளுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். "நாம எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி" என்றாள் வாயாடி, எனக்கு முன் வரிசைக்காரி. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மணி மூன்று இருபத்தாறு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். இருபத்தாறாம் எண் பேசி முடித்து உட்கார்ந்தான்.

"இருபத்தேழு" என்றார் மிஸ்.

வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் இடப்பக்கம் பெஞ்ச் காலி. ஒரு வருடமாகக் காலி.

க்ரீச்...

பலகை அழுந்தி நிமிரும் சத்தம். உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தால் வருமே, அது.

"உள்ளேன் மிஸ்."

மெல்லிய குரல். என் காதுக்குப் பக்கத்தில்.

யாரும் திரும்பவில்லை. மிஸ் நீலப் பேனாவால் கோடு போட்டார்.

"இருபத்தெட்டு."

எழுந்தேன். "உள்ளேன் மிஸ்" என்றேன்.

கூடவே ஓர் இருமல்.

"இருபத்தெட்டு?" மிஸ் தலை நிமிரவில்லை.

"உள்ளேன் மிஸ்!" கத்தினேன்.

இருமல்... இம்முறை என் கன்னத்தில் காற்றுப் பட்டது.

டக். சிவப்புப் பேனாவின் மூடி.

"இருபத்தொன்பது."

வாயாடியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஏய்! எங்க போயிருந்த? உன் நம்பரைக் கூப்பிட்டாங்களே!"

எங்கேயும் போகவில்லை. அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் பதிவேட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். அடிக்கப்பட்ட வரியில், அன்றைய கட்டத்தில், ஒரு நீலக் கோடு. அதற்குக் கீழே எனக்குச் சிவப்பு வட்டம். மிஸ்ஸிடம் காட்டினேன். "ஏதோ கை தவறிப் போட்டிருப்பேன்மா" என்றார். என்னை மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நேராகக் கீச்சு வீட்டுக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இதை முன்பே செய்திருக்க என்ன கேடு எனக்கு? அவள் அம்மா கதவைத் திறந்தார். என் சட்டையிலிருந்த பேட்ஜைப் பார்த்தார்.

"நீதான் லீடரா?"

"ஆமாம்மா. அவ இருக்காளா?"

"அவ போயிப் பத்து மாசம் ஆச்சும்மா. நெஞ்சுல சளி கட்டி, கடைசி வரைக்கும் இருமிக்கிட்டே கிடந்தா." கதவை முழுவதும் திறந்துவிட்டார். "உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. 'நான் தினமும் வந்தேன்னு லீடருக்குத் தெரியும்மா, என்னைக்காவது வந்து சொல்லிடுவா'ன்னு."

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

இப்போது கல்லூரி முதலாம் ஆண்டு. ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. நேற்று பதினொன்று நாற்பதுக்குத் துறைத் தலைவர் கூப்பிட்டார். வருகை போதாதாம், பரீட்சை எழுத முடியாதாம்.

"தினமும் வந்தேனே சார்! பக்கத்துல உட்கார்றவளைக் கேளுங்க!"

அவளை வரவழைத்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"சரியா கவனிக்கலை சார்."

பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவள் பொய் சொல்லவில்லை.