மைக்கில் போன ஜெபம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: "தெருக் கூட்டத்தில் தங்கைக்காக ஜெபித்தார்கள்."

தங்கை ஜெனிபருக்கு வலிப்பு உண்டு என்பதை எங்கள் சபையின் ரூத் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மான்குர்தில் அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்களே பக்குவமாகச் சொல்ல இருந்தோம். அன்று தாராவியில் எங்கள் சந்தில் நடந்த கூட்டத்தில் அக்கா மைக்கைப் பிடித்து, "ஆண்டவரே, எங்க ஜெனிபரோட வலிப்ப எடுத்துப்போடும்!" என்று அழுது மன்றாடினார். சந்தே "ஆமென்" என்றது. தங்கை எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

"யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேனேக்கா?"

"மனுசங்ககிட்ட நான் எங்கல சொன்னேன்? ஆண்டவர்கிட்டதான சொன்னேன்!"

அவர் அதை முழுதாக நம்பிச் சொன்னார். அதனால் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை. அதன்பின் நான் எந்த ஜெப விண்ணப்பமும் கொடுத்ததில்லை.

அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அந்த ஜெபம் மான்குர்த் வரை போனதா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.