வினோதாவின் பசி

வினோதா பர்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். அப்பா குவாரியில் கல் உடைத்தவர். அவருடைய எலும்பும் அவருடைய பசியும் அப்படியே மகளுக்கு வந்திருந்தன. ஓசூரில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தாள். கேன்டீனில் களி போடும் நாளில் இரண்டாவது உருண்டை கேட்டு வாங்க அவள் வெட்கப்பட்டதில்லை.

வெட்கப்பட்டவன் அவள் கணவன் மாதேஸ்வரன். கல்யாணமான புதிதில் அவனும் லைனில் நின்றவன்தான். வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதும் பெண்டாட்டியின் உடம்பு அவன் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. கம்பெனியின் குடும்ப விழாவுக்குத் தனியாகப் போனான். பிள்ளை இல்லாததற்கும் அவள் தின்று பெருத்ததுதான் காரணம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்தான்.

பெங்களூரில் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்ததும் அவன்தான். விலாவுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைப்பார்கள். அதிலிருந்து போகும் மெல்லிய கம்பி இரைப்பையின் நரம்பைத் தட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டதாகத் தோன்றும். வினோதா மறுக்கவில்லை. சர்க்கரை வந்திருந்தது, நின்று நின்று முழங்காலும் போயிருந்தது. அவளே சம்மதித்துத்தான் படுத்தாள். பின்னாளில் அதை நினைத்தால்தான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

கருவிக்கென்று போனில் ஒரு ஆப் உண்டு. அவளுடைய பழைய போனில் அது ஏறவில்லை என்று, அவள் மயக்கம் தெளியாமல் கிடந்தபோதே நர்ஸ் அதை மாதேஸ்வரன் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். சார்ஜ் பார்க்கத்தான் அது என்று அவன் சொன்னதை வினோதா நம்பினாள்.

உடம்பு இளைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் அவனைப் பாராட்டினார்கள். ஆனால் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தால் இரண்டு வாயிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. கேன்டீனில் அப்படி இல்லை. அவன் நைட் ஷிப்ட் போன நாட்களிலும் இல்லை. லைனில் பக்கத்தில் நிற்கும் மணிமேகலையிடம், அவன் மூஞ்சியைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள். மணிமேகலை சிரித்தாள். வினோதா சிரிக்கவில்லை; அது உண்மை என்றே நினைத்திருந்தாள்.

தொரப்பள்ளியில் அவன் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. எதிர்ப்பந்தியில் மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தான். வினோதா பிரியாணியில் கை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் பார்வை அவளுடைய இலையில் இருந்தது. கையில் போன், கட்டைவிரல் மட்டும் அசைந்தது. சற்றைக்கெல்லாம் அவள் வயிறு புரண்டது. எழுந்து ஓடி, சுவரோரம் எல்லோரும் பார்க்க வாந்தி எடுத்தாள். அளவாகத் தின்றிருந்தால் இது வருமா என்று அவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

வீடு திரும்பியதும் அவன் குளிக்கப் போனான். அவள் அவன் போனைத் திறந்தாள். சார்ஜ் காட்டும் கோட்டுக்குக் கீழே பெரிய பொத்தான் ஒன்று இருந்தது. அவளே அழுத்தினாள். அதே புரட்டல், அதே கசப்பு.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன், அவள் கையில் போனைப் பார்த்து நின்றான்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"ஆசை அடங்கலைன்னா அமுக்கச் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல அதுவே எறங்கிடும். உனக்கு அடங்கல, நான் அமுக்கினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அமுக்குவியா?"

அவன் குரலில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. அவள் உள்ளே போய் மிச்சமிருந்த களியையும் குழம்பையும் தட்டில் போட்டு எடுத்து வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். போனை அவன் பக்கம் தள்ளினாள்.

"இப்ப என் மூஞ்சியப் பாத்துக்கினே அமுக்கு."

அமுக்கமாட்டான் என்றுதான் நினைத்தாள். மூன்றாவது வாய்க்கு அவன் விரல் போனுக்குப் போனது. இருவருக்கும் நடுவே தரையில் அவள் வாந்தி எடுத்தாள். அதைத் துடைக்காமல் எழுந்து, துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு மணிமேகலை வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வினோதாவும் மணிமேகலையும் பெங்களூர் பஸ் ஏறினார்கள். ஆப்பை வேறு போனுக்கு மாற்றித் தருகிறேன், கணவரைக் கூட்டி வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். கருவியை எடுத்துவிடுங்கள் என்றாள் வினோதா. எடை திரும்ப ஏறும் என்று அவர் எச்சரித்தார். ஏறட்டும் என்றாள். அவர் நர்ஸிடம் திரும்பி, இந்த ஜனங்களுக்கு நல்லது செய்தாலும் புரியாது என்று கன்னடத்தில் முணுமுணுத்தார். ஓசூர்க்காரிக்குக் கன்னடம் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நன்ன ஹொட்டே சார், நிம்தல்லா," என்றாள். என் வயிறு சார், உங்களுடையது இல்லை.

கருவியை எடுத்தார்கள். வினோதா சிப்காட் பக்கம் ஓர் அறை பிடித்துக்கொண்டாள். எடை பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்கிறாள். அவள் மனசு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை. சமாதானம் பேச இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்தான் மாதேஸ்வரன். அது நடக்காமல் போகவே, சோற்றுக்காகப் புருஷனை விட்டு ஓடினவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அதை அவள் காதில் போட்டு, என்ன பதில் சொல்வது என்று கேட்டாள் சித்தி நாகம்மாள்.

"ஆமான்னே சொல்லு சித்தி," என்றாள் வினோதா.