முந்நூற்று நாற்பதாவது வரி

பெரில் ஹோல்ராய்டுக்கு வியாழக்கிழமை மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரைதான் வாழ்க்கை என்று சொன்னால், இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெருவில் யாரும் மறுக்க மாட்டார்கள். நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம் அது. மற்ற நேரமெல்லாம் அவள் புருஷன் டெரிக்கோடு முன்னறையில்.

கம்பள ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் டெரிக். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன, சக்கர நாற்காலிதான். பெரில் கண்ணிலிருந்து மறைந்தால் போதும், தொண்டை கிழியக் கத்துவான். பள்ளிக்கூடச் சமையலறையில் என் காலை வேலை முடிந்ததும் ஒருநாள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனேன். கால் மணி நேரத்தில் தேநீர்க் கோப்பை என் தலைக்கு மேலே பறந்தது.

அவளைக் காப்பாற்றியது பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர். டெரிக் வாலிபத்தில் வாங்கிய பிபிசி மைக்ரோ. கூடவே, டேப் ரெக்கார்டரில் போட்டு அதில் ஏற்ற ஒரு கேசட். அதில் ரயில் சிக்னல் அறை விளையாட்டு ஒன்று இருந்தது. ரயில் வரும், கைகாட்டி இறக்க வேண்டும், தண்டவாளம் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் இடது கை போதும். அதன்முன் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் மூச்சு விட மாட்டான். ஜனவரியிலிருந்து பெரில் நீந்தப் போனாள். நான் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டேன்.

செப்டம்பரில் டேப் ரெக்கார்டர் அந்த நாடாவைத் தின்றுவிட்டது. நீச்சல் பை கதவுக்குப் பின்னால் மறுபடி தொங்கியது.

"வேற விளையாட்டு போட்டுக் குடேன்" என்றேன்.

"போட்டேன். விண்கலம், தவளை, சதுரங்கம். எல்லாத்தையும் துப்புறான். அலமாரிக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு ஐரீன். உள்ள யாரும் இல்ல. பக்கவாதம் வந்த அன்னிக்கு ராத்திரியே போயிருந்தா அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

டெரிக் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தான். அவனை வைத்துக்கொண்டே இப்படிப் பேசுவது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

பழைய கம்ப்யூட்டர்களுக்கான நிரல்களைச் சேர்த்துவைத்து இலவசமாகக் கொடுக்கிறவர்கள் இணையத்தில் உண்டு என்று நூலகத்தில் யாரோ சொன்னார்கள். பெரில் தேடினாள். ஆயிரக்கணக்கில் இருந்தன, இவளுடையது மட்டும் இல்லை. அந்தத் தளத்தை நடத்தும் ஹல் நகரத்து ட்ரெவரைப் போனில் பிடித்தாள்.

"அந்த கேசட்ட யாரும் வச்சுக்கல கண்ணு. ஆனா எண்பத்து நாலுல ஒரு பத்திரிகையில அதோட நிரல் முழுசா அச்சாச்சு. பக்கம் எங்ககிட்ட இருக்கு. சும்மா எடுத்துக்கோ, நீயே தட்டிக்கோ."

"எத்தனை வரி?"

"இருநூறு சொச்சம். நாங்கல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து தட்டுனோம்."

"எனக்கு யாரு ஸ்கூல் விட்டா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

டெரிக் மதியம் தூங்கும் நேரத்தில், இரண்டே விரலால், மூன்று வாரம் தட்டினாள். முடித்து ஓட்டினால் திரையில் ஒரே வாக்கியம்: 340-ஆம் வரியில் தவறு. வரிகளுக்கு எண் பத்து, இருபது என்று பத்துப் பத்தாக ஏறும்; ரயில் நேரத்தை வாசிக்கும் வரி அது. சுழியமும் ஓ என்ற எழுத்தும் மாறியிருக்கும் என்றான் ட்ரெவர். மாறவில்லை. அச்சில் இருப்பது அப்படியே திரையிலும் இருந்தது. நானும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை, நிரலை அச்செடுத்த தாளை டெரிக்கின் மடியில் போட்டுவிட்டு, அழுவதற்காகவோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பவுண்டு" என்றான் டெரிக்.

இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"பவுண்டு. பவுண்டு!"

"பணம் கேக்குறான்" என்றேன்.

"எதுக்குடா பவுண்டு? ஜன்னல் துடைக்கிறவனுக்கா? குடுத்தாச்சு." பணப்பையைத் திறந்து ஒரு நாணயத்தை அவன் கையில் வைத்தாள். சுவரில் எறிந்தான். மேஜையை இடது கையால் குத்தினான். முகம் சிவந்து எச்சில் வழிந்தது. கத்தப்போகிறான் என்று நான் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தேன்.

கத்தவில்லை. தாளில் 340-ஆம் வரியின் மேல் விரலை வைத்தான். அங்கே நிஜமாகவே ஒரு பவுண்டு குறி இருந்தது: £. பிறகு சக்கர நாற்காலியோடு முன்னால் சாய்ந்து, சுண்டு விரலால் ஒரு விசையை அமுக்கிக்கொண்டே நடுவிரலால் மூன்றைத் தட்டினான். திரையில் # வந்தது.

பெரில் £ இருந்த இடத்தில் எல்லாம் # போட்டு ஓட்டினாள். ரயில் வந்தது.

"அந்தக் காலத்துல நம்ம ஊரு பிரிண்டருங்க அந்த # குறிய பவுண்டுன்னுதான் அடிக்கும். எல்லாருக்கும் தெரியுமே கண்ணு" என்றான் ட்ரெவர் போனில்.

"எனக்கு எவன் சொன்னான்?" என்று போனை வைத்துவிட்டாள்.

டெரிக் கைகாட்டியை இறக்கினான். பெரில் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்குப் புரியச் சற்று நேரமானது. உள்ளே ஆள் இருந்திருக்கிறான். அலமாரி என்றது, அன்றைக்கே போயிருக்கலாம் என்றது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

"நான் பேசுனதெல்லாம் கேட்டியா டெரிக்?"

"பவுண்டு" என்றான், திரையை விட்டுக் கண் எடுக்காமல்.

மறுநாள் வியாழன். ஒரு மணிக்குச் சற்று முன் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, முதல் முறையாக அவனிடமே சொன்னாள்: "நீந்தப் போறேன். மூணுக்குள்ள வந்துடுவேன். சரியா?" அவன் அடுத்த ரயிலுக்குக் கைகாட்டியை இறக்கினான். போனாள்.

திரும்பியபோது தலை ஈரமாக இருந்தது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். முன்னறைக் கதவைப் பார்த்தாள். என் முழங்கையைப் பிடித்துப் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தூறிக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்று, என் காதருகே சொன்னாள்:

"நல்லா இருந்துச்சு. திரும்பி வரவே மனசில்ல."

"பவுண்டு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று ஓடினாள்.